புரோபிர் சென்

புரோபிர் குமார் சென் (மே 31, 1926 – ஜனவரி 27, 1970) இந்தியத் துடுப்பாட்ட (கிரிக்கெட்) அணியின் விக்கெட் காப்பாளராக விளையாடியவர். கோகன் சென் என்ற செல்லப்பெயராலும் அறியப்படுகிறார். 1948 முதல் 1952 வரை 14 டெஸ்ட் போட்டிகளில் கலந்துகொண்டு 20 பிடிகளையும் 11 ஸ்டம்பிங்குகளையும் நிகழ்த்தினார். டெஸ்ட் துடுப்பாட்டத்தில் இந்தியா பெற்ற முதல் வெற்றி 1952 பெப்ரவரியில் சென்னை சேப்பாக்கத்தில் கிடைத்தது. அப்போட்டியில் இவர் ஐந்து முறை எதிரணி மட்டையாளர்களை ஸ்டம்பிங் செய்து வெளியேற்றினார். அந்த வெற்றி பெரும்பாலும் 12 விக்கெட்டுகள் வீழ்த்திய வினூ மன்கட்டின் பெயராலேயே நினைவுகூரப்படுகிறது. அந்தப் பன்னிரண்டில் ஐந்து, பந்துவீச்சாளரும் காப்பாளரும் சேர்ந்து எடுத்தவை என்பது ஆட்ட விவரப் பட்டியலை ஊன்றிப் படிப்போருக்கே தெரியவரும்.

இளமையும் தொடக்க ஆட்டங்களும்

புரோபிர் சென் பிரித்தானிய இந்தியாவின் வங்காள மாகாணத்தில் உள்ள கொமில்லாவில் பிறந்தார். இவ்வூர் இன்று வங்காளதேசத்தில் உள்ளது. 1943–44 பருவத்தில், தமது பதினேழாம் வயதில், வங்காள அணிக்காக முதல்தரத் துடுப்பாட்டத்தில் அறிமுகமானார். விக்கெட் காப்பாளர் பொறுப்பு பொதுவாக அனுபவம் மிக்கவருக்கே வழங்கப்படும். பந்துவீச்சாளர்கள் ஒவ்வொருவரின் கைப்பழக்கத்தையும் கற்றறிய ஆண்டுகள் பிடிக்கும் என்பதே அதற்குக் காரணம். அவ்வகையில் பதினேழு வயதில் ஒரு மாகாண அணியின் காப்பாளராவது குறிப்பிடத்தக்கதே.

டெஸ்ட் துடுப்பாட்டத்தில் விளையாடிய முதல் வங்காளியர்களுள் இவரும் ஒருவர்.

ஆஸ்திரேலியப் பயணம், 1947–48

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வெளிநாட்டுத் துடுப்பாட்டப் பயணம் ஆஸ்திரேலியாவுக்கு அமைந்தது. லாலா அமர்நாத் தலைமையேற்றார். முதல் இரண்டு டெஸ்ட் போட்டிகளில் ஜென்னி இரானி விக்கெட் காப்பாளராக இருந்தார். 1948 ஜனவரி 1 அன்று மெல்பேர்னில் தொடங்கிய மூன்றாவது டெஸ்ட் போட்டியில் சென் அறிமுகமானார். அப்போது அவருக்கு வயது 21.

அறிமுகமாவதற்கு அதைவிடக் கடினமான தொடர் அமைந்திருக்க முடியாது. டொனால்ட் பிராட்மன் அத்தொடரில் மட்டும் 715 ஓட்டங்கள் குவித்தார். இந்தியா 0–4 என்ற கணக்கில் தொடரை இழந்தது. மட்டையாளர்கள் நாள் முழுவதும் ஓட்டம் குவிக்கும்போது, பந்துவீச்சாளர்கள் மாறி மாறி ஓய்வெடுக்கலாம். களத்தடுப்பாளர்கள் பவுண்டரி ஓரத்தில் சற்று நின்று மூச்சு வாங்கலாம். விக்கெட் காப்பாளர் ஒவ்வொரு பந்துக்கும் குந்தி எழ வேண்டும். மட்டையாளர் தொடாது விட்ட பந்து காப்பாளரையும் கடந்து செல்லும்போது எடுக்கப்படும் ஓட்டங்கள் 'பை' எனப்படும். அவை எந்தப் பந்துவீச்சாளரின் கணக்கிலும் சேராதவை. ஆகவே காப்பாளரின் உழைப்பை அளக்க ஆட்ட விவரப் பட்டியலில் உள்ள ஒரே நேரடி அளவுகோல் என்றும் அவற்றைச் சொல்லலாம். மெல்பேர்னில் நடந்த ஐந்தாவது டெஸ்ட் போட்டியில் ஆஸ்திரேலியா 8 விக்கெட்டுகளுக்கு 575 ஓட்டங்கள் எடுத்து ஆட்டத்தை முடித்துக்கொண்டது. அந்த நீண்ட இன்னிங்சில் சென் விட்டுக்கொடுத்த பை ஓட்டங்கள் நான்கு மட்டுமே.

இதே பயணத்தில் தெற்கு ஆஸ்திரேலிய அணியுடனான ஆட்டமொன்றில் மன்கட்டின் பந்தில் பிராட்மனை சென் ஸ்டம்பிங் செய்தார். பிராட்மனை இம்முறையில் வெளியேற்றிய காப்பாளர்கள் மிகச் சிலரே. மன்கட்–சென் இணையின் பிற்காலச் சாதனைக்கு இது ஒரு முன்னோட்டமாக அமைந்தது.

மேற்கிந்தியத் தீவுகளுடனான தொடர், 1948–49

அடுத்த பருவத்தில் இந்தியா வந்த மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு எதிரான ஐந்து டெஸ்ட் போட்டிகளிலும் சென் இடம்பெற்றார். நான்காவது போட்டி 1949 ஜனவரி இறுதியில் சேப்பாக்கத்தில் நடந்தது. தொடக்க மட்டையாளர்களான ஆலன் ரேயும் ஜெஃப்ரி ஸ்டோல்மேயரும் முதல் விக்கெட்டுக்கு 239 ஓட்டங்கள் சேர்த்தனர். அணி 582 ஓட்டங்கள் எடுத்தது. தொடர்ந்து ஐந்து டெஸ்ட் நூறுகள் அடித்திருந்த எவர்ட்டன் வீக்ஸ் 90 ஓட்டங்களில் ரன் அவுட் ஆனதும் இப்போட்டியில்தான். இந்தியா ஓர் இன்னிங்ஸ் 193 ஓட்டங்கள் வேறுபாட்டில் தோற்றது. சேப்பாக்கம் ஆடுகளத்துடன் சென்னுக்கு ஏற்பட்ட முதல் டெஸ்ட் பழக்கம் இவ்வாறு கசப்பானதாகவே இருந்தது.

அடுத்த வாரம் மும்பை பிரேபோர்ன் மைதானத்தில் நடந்த ஐந்தாவது போட்டியில் சென் காயமுற்றார். அணித்தலைவர் அமர்நாத்தே கையுறை அணிந்து காப்பாளர் பொறுப்பை ஏற்க நேர்ந்தது. வெற்றிக்கு 361 ஓட்டங்கள் தேவைப்பட்ட நிலையில் இந்தியா 8 விக்கெட்டுகளுக்கு 355 ஓட்டங்கள் எடுத்திருந்தபோது ஆட்ட நேரம் முடிந்தது. வெற்றி வெறும் ஆறு ஓட்டங்களில் நழுவியது. காயம் காரணமாக அந்த இன்னிங்சில் சென் மட்டையாட வரவில்லை. இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அன்றே கிடைத்திருந்தால் அதில் சென்னின் பங்கு பெரிதாக இருந்திருக்காது. மூன்று ஆண்டுகள் கழித்துக் கிடைத்ததால் நிலைமை மாறியது.

சென்னைப் போட்டி, 1952

1951–52 பருவத்தில் இந்தியா வந்த இங்கிலாந்து அணியுடன் ஐந்து டெஸ்ட் போட்டிகள் நடந்தன. இத்தொடரில் தேர்வாளர்கள் மூன்று விக்கெட் காப்பாளர்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினர். தில்லியிலும் கான்பூரிலும் நானா ஜோஷி, மும்பையில் மாதவ் மந்திரி, கொல்கத்தாவிலும் சென்னையிலும் சென். முதல் மூன்று போட்டிகள் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. கான்பூரில் இங்கிலாந்து வென்றது. ஆகவே தொடரைச் சமன் செய்ய வேண்டுமானால் இந்தியா சென்னையில் வென்றே தீர வேண்டும். 1932 இல் முதல் டெஸ்ட் போட்டியில் விளையாடிய நாள் தொட்டு இருபது ஆண்டுகளாக இந்தியா ஒரு போட்டியிலும் வென்றதில்லை. சென்னைப் போட்டி இந்தியாவின் 25 ஆவது டெஸ்ட் போட்டியாகும்.

போட்டி பெப்ரவரி 6 அன்று தொடங்கியது. இங்கிலாந்தின் அணித்தலைவர் நைஜல் ஹோவர்ட் உடல்நலக் குறைவால் விளையாடாததால் டொனால்ட் கார் தலைமையேற்றார். அவர் நாணயச் சுழற்சியில் வென்று முதலில் மட்டையாடத் தீர்மானித்தார். அன்றே இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் காலமான செய்தி வந்தது. அதனால் ஓய்வு நாள் முன்கூட்டி பெப்ரவரி 7 க்கு மாற்றப்பட்டது.

ஜாக் ராபர்ட்சன் 77 ஓட்டங்களும் டிக் ஸ்பூனர் 66 ஓட்டங்களும் எடுத்தனர். ஆயினும் இங்கிலாந்து 266 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரான மன்கட் 55 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள் வீழ்த்தினார். அந்த எட்டில் நான்கு சென்னின் ஸ்டம்பிங்குகள்: டாம் கிரேவ்னி 39, டொனால்ட் கார் 40, மால்கம் ஹில்டன் 0, பிரையன் ஸ்டாதம் 6. இவர்களுள் கிரேவ்னி அதே தொடரின் மும்பைப் போட்டியில் 175 ஓட்டங்கள் குவித்தவர். அவர் நிலைத்து நின்றிருந்தால் ஆட்டத்தின் போக்கே மாறியிருக்கும். கடைநிலை மட்டையாளர்களைக் கூட்டிச் சென்றுகொண்டிருந்த காரின் விக்கெட்டும் அதற்குக் குறைந்ததல்ல.

பின்னர் பங்கஜ் ராய் 111 ஓட்டங்களும், ஹேமு அதிகாரி காயமுற்றதால் கடைசி நேரத்தில் அணியில் சேர்க்கப்பட்ட பாலி உம்ரிகர் ஆட்டமிழக்காமல் 130 ஓட்டங்களும் எடுத்தனர். இந்தியா 9 விக்கெட்டுகளுக்கு 457 ஓட்டங்கள் எடுத்திருந்த நிலையில் அணித்தலைவர் விஜய் ஹசாரே இன்னிங்சை முடித்துக்கொண்டார். இரண்டாவது இன்னிங்சில் மன்கட்டும் குலாம் அகமதுவும் ஆளுக்கு நான்கு விக்கெட்டுகள் எடுக்க, இங்கிலாந்து 183 ஓட்டங்களில் சுருண்டது. ஹில்டன் மீண்டும் மன்கட்டின் பந்தில் சென்னால் ஸ்டம்பிங் செய்யப்பட்டார். பெப்ரவரி 10 அன்று இந்தியா ஓர் இன்னிங்ஸ் 8 ஓட்டங்கள் வேறுபாட்டில் வென்றது. சென்னையைச் சேர்ந்த சி. டி. கோபிநாத் இப்போட்டியில் விளையாடிய உள்ளூர் வீரர் ஆவார்.

ஒரே டெஸ்ட் இன்னிங்சில் நான்கு ஸ்டம்பிங் என்பது அதற்கு முன் 1924–25 இல் ஆஸ்திரேலியாவின் பெர்ட் ஓல்ட்ஃபீல்ட் மெல்பேர்னில் நிகழ்த்திய சாதனைக்கு இணையானது.

காப்பு நுட்பம்

சென்னைப் போட்டியில் சென் செய்தது என்ன என்பதை அறிய, ஸ்டம்பிங் நிகழும் விதத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். விக்கெட் காப்புப் பழகும் இளைஞர்களுக்கும் இது பயன்படும்.

பந்தை அடிக்க முன்னேறிய மட்டையாளர் ஓட்டம் எடுக்க முயலாத நிலையில், தமது கிரீஸ் கோட்டுக்கு வெளியே இருக்கும்போது, வேறு களத்தடுப்பாளரின் தலையீடின்றி விக்கெட் காப்பாளர் பெயில்களைத் தட்டி வீழ்த்தினால் மட்டையாளர் ஆட்டமிழப்பார். பந்து மட்டையிலோ மட்டையாளரின் உடலிலோ படும் வரை, அல்லது ஸ்டம்புகளைக் கடக்கும் வரை, காப்பாளர் முழுவதும் ஸ்டம்புகளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். கையுறை முன்னே நீண்டிருந்தால் அப்பந்து 'நோ பால்' ஆகிவிடும், ஸ்டம்பிங் செல்லாது. ஆக, ஆவலால் கையை முன்னே நீட்டுபவருக்கு இவ்விதி இடம் தருவதில்லை. பந்து தன்னிடம் வரும் வரை காத்திருந்து, வந்தபின் மட்டும் விரைய வேண்டும்.

வேகப்பந்து வீச்சுக்குக் காப்பாளர் பின்னே தள்ளி நிற்பார்; பந்தைக் காண அவருக்கு நேரம் உண்டு. சுழற்பந்து வீச்சுக்கு ஸ்டம்புகளை ஒட்டி நிற்க வேண்டும். அங்கு நிற்பவருக்கும் பந்துக்கும் இடையே மட்டையாளரின் உடலும் மட்டையும் குறுக்கிடுகின்றன. பந்து தரையில் பட்டு எழும் கணத்தில் அது பலமுறை பார்வையிலிருந்து மறைந்துவிடும். பந்து எவ்வளவு திரும்பும், எவ்வளவு எழும் என்பதை அந்தக் கணத்துக்கு முன்பே பந்துவீச்சாளரின் கையிலிருந்து படித்திருக்க வேண்டும். மன்கட் போன்ற இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரின் பந்து வலக்கை மட்டையாளரிடமிருந்து விலகிச் செல்லும். மட்டையாளர் முன்னேறி வந்து தவறவிட்டால் பந்து காப்பாளரின் கண்ணுக்குத் தெரியும் பக்கமாகவே வரும். இது ஒப்பீட்டளவில் எளிது. ஆனால் மன்கட் திரும்பாமல் நேரே விரையும் பந்தையும் கலந்து வீசுவார். அதைத் திரும்பும் பந்து என்று மட்டையாளர் மட்டுமன்றிக் காப்பாளரும் எண்ணிவிட்டால், பந்து பவுண்டரிக்குச் சென்று நான்கு பை ஓட்டங்களாகும். ஸ்டாதமைப் போன்ற இடக்கை மட்டையாளருக்கோ அதே பந்து உட்புறமாகத் திரும்பும். காப்பாளரின் பார்வையை மட்டையாளரின் உடல் மறைப்பது அப்போது மிகுதி.

பயிற்சியாளர்கள் பொதுவாக வலியுறுத்துவன சில உண்டு. குந்தி நிற்கையில் உடற்பாரம் குதிகாலில் அல்லாது முன்பாதத்தில் இருக்க வேண்டும். பந்து எழும்போதுதான் காப்பாளரும் எழ வேண்டும். முந்தி எழுந்துவிட்டால் தாழ்வாக வரும் பந்து கையுறைக்குக் கீழே நழுவும். இளம் காப்பாளர்கள் செய்யும் தவறுகளுள் இதுவே மிகப் பரவலானது. மயிலாப்பூர் பி. எஸ். உயர்நிலைப் பள்ளி மைதானத்திலோ தியாகராய நகர் சோமசுந்தரம் மைதானத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை அரைமணி நேரம் நின்று பார்த்தாலும் இது விளங்கும். விரல்நுனிகள் பந்தை நோக்கி நீளாமல் தரையை நோக்கியோ, உயர்ந்து வரும் பந்துக்குப் பக்கவாட்டிலோ அமைய வேண்டும். இல்லையேல் விரல் முறிவது உறுதி. பந்தை வாங்கும் கணத்தில் கைகள் சற்றே பின்வாங்கி அதன் வேகத்தை ஏற்க வேண்டும். ஆனால் ஸ்டம்பிங் வாய்ப்பில் அப்படி அதிகம் பின்வாங்கினால் ஸ்டம்புகளை எட்டும் தொலைவு கூடிவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள அளவைக் கண்டுகொள்வதே காப்பாளரின் கைத்திறன். சென் காலத்துக் காப்பாளர்கள் தலைக்கவசம் இன்றியே ஸ்டம்புகளை ஒட்டி நின்றனர் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

பந்துவீச்சாளருக்கும் காப்பாளருக்கும் இடையிலான புரிதல் இன்னொன்று. காப்பாளர் தவறவிட மாட்டார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் சுழற்பந்து வீச்சாளர் பந்தை உயர்த்தி வீசி மட்டையாளரை முன்னே இழுக்கத் துணிவார். அவ்வகையில் ஸ்டம்பிங் ஆகாத விக்கெட்டுகளிலும் காப்பாளருக்குப் பங்கு உண்டு எனலாம்.

பிற்காலப் போட்டிகள்

சென்னை வெற்றிக்குப் பின்னும் சென்னின் இடம் உறுதியாகவில்லை. 1952 கோடையில் இங்கிலாந்து சென்ற அணியில் இவரும் மந்திரியும் இடம்பெற்றனர். முதல் இரண்டு டெஸ்ட் போட்டிகளில் மந்திரி காப்பாளராக இருந்தார். சென் மான்செஸ்டரிலும் ஓவலிலும் விளையாடினார். மான்செஸ்டர் போட்டியில் இந்தியா ஒரே நாளில் 58, 82 என இருமுறை ஆட்டமிழந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் தில்லியில் பாக்கித்தானுடன் நடந்த முதல் டெஸ்ட் போட்டியில் இந்தியா தனது இரண்டாவது வெற்றியைப் பெற்றது. மன்கட் 13 விக்கெட்டுகள் எடுத்தார். ஸ்டம்புகளுக்குப் பின்னால் மீண்டும் சென். இந்தியாவின் முதல் இரண்டு டெஸ்ட் வெற்றிகளிலும் மன்கட் வீழ்த்திய 25 விக்கெட்டுகளின்போது காப்பாளராக நின்றவர் இவர் ஒருவரே. இருந்தும் அடுத்த மூன்று போட்டிகளில் ஜோஷி, ராஜிந்தர்நாத், இப்ராகிம் மாக்கா என மூன்று வெவ்வேறு காப்பாளர்கள் களமிறக்கப்பட்டனர். நவம்பர் இறுதியில் போட்டி சேப்பாக்கத்துக்கு வந்தபோது, ஒன்பது மாதங்களுக்கு முன் அதே களத்தில் ஐந்து ஸ்டம்பிங் செய்தவர் அணியில் இல்லை. டிசம்பரில் கொல்கத்தாவில் நடந்த ஐந்தாவது போட்டியில் சென் திரும்பினார். அதுவே அவருடைய கடைசி டெஸ்ட் போட்டியாக அமைந்தது. அப்போது அவருக்கு வயது 26.

இவரது மட்டையாட்டம் டெஸ்ட் அளவில் சிறக்கவில்லை. 14 போட்டிகளில் 165 ஓட்டங்கள், சராசரி 11.78, அதிகபட்சம் 25. அக்காலத் தேர்வாளர்களின் தயக்கத்துக்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் ஒரு தொடரில் நான்கு காப்பாளர்களை மாற்றுவதால் எந்தக் காப்பாளரும் எந்தப் பந்துவீச்சாளருடனும் பழக வாய்ப்பில்லாமல் போகிறது. மன்கட்டுடன் ஆண்டுக்கணக்காகப் பழகிய ஒருவரை இழந்தது சரியான முடிவென்று சொல்வது கடினம்.

உள்நாட்டுத் துடுப்பாட்டம்

ரஞ்சிக் கோப்பையில் வங்காள அணிக்காக சென் பயன்மிக்க மட்டையாளராகவும் விளங்கினார். முதல்தரத் துடுப்பாட்டத்தில் மூன்று நூறுகள் அடித்தார். 1950–51 பருவத்தில் பீகார் அணிக்கு எதிராக எடுத்த 168 ஓட்டங்கள் இவரது அதிகபட்சம்.

1954–55 பருவத்தில் ஒரிசா (இன்றைய ஒடிசா) அணிக்கு எதிராகக் கட்டக்கில் நடந்த ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தில் சென் பந்துவீசி ஹாட்ரிக் எடுத்தார். விக்கெட் காப்பாளராக அறியப்பட்ட ஒருவர் ஹாட்ரிக் எடுப்பது துடுப்பாட்ட வரலாற்றில் மிக அரிய நிகழ்வாகும்.

மறைவும் நினைவும்

புரோபிர் சென் 1970 ஜனவரி 27 அன்று கொல்கத்தாவில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 43. இவரது நினைவாகக் கொல்கத்தாவில் பி. சென் கோப்பை என்ற பெயரில் துடுப்பாட்டப் போட்டி நடத்தப்பட்டு வருகிறது.

சேப்பாக்கத்தில் இவர் நிகழ்த்திய ஐந்து ஸ்டம்பிங்குகளை அதே சேப்பாக்கத்தில் மற்றோர் இந்தியக் காப்பாளர் கடந்தார். 1988 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்ட் போட்டியில் கிரண் மோரே ஆறு ஸ்டம்பிங்குகளைச் செய்தார். அவற்றுள் ஐந்து ஒரே இன்னிங்சில். அப்போட்டியும் அறிமுகப் போட்டியிலேயே 16 விக்கெட்டுகள் எடுத்த நரேந்திர ஹிர்வானியின் பெயராலேயே அறியப்படுகிறது.